வெண்பனி வீதியில் சைக்கிள்

சைக்கிள் சவாரிக்கு ஏற்ற ஊர் எது என்று கேட்டால், சமதரையான பூமி, மிதமான வெயில், அளவான மழை என்று மூன்று லக்ஷணங்களை நம்மில் யாரும் சொல்லிவிடுவோம். வருஷத்தில் சுமார் ஐந்து மாதம் தரையே கண்ணுக்குத் தெரியாதபடி வெண்பனி மூடிக் கிடக்கும் ஊரை அந்த வரிசையில் சேர்க்க யாருக்கும் மனம் வராது. ஆனால், குளிர்காலத்தில் சைக்கிள் விடுவதற்கு உலகத்திலேயே பேர்போன பட்டணம் எது என்று விசாரித்தால், அப்படிப்பட்ட ஓர் ஊரின் பெயரைத்தான் அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். 2013-ஆம் ஆண்டில், குளிர்கால சைக்கிள் சவாரியைப் பற்றிய முதலாவது சர்வதேச மகாநாடு கூடியதும் அங்கேதான். பின்லாந்து தேசத்தின் வடபாகத்திலுள்ள அந்தப் பட்டணத்தின் பெயர் ஓவுலு.

ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, பாத்னியா வளைகுடாவின் கரையில், ஓவுலு நதி கடலோடு கலக்குமிடத்தில் இந்த ஊர் அமைந்திருக்கிறது. பின்லாந்து சுவீடனின் ஆட்சியில் இருந்த காலத்தில், ஒன்பதாம் சார்லஸ் என்ற அரசர் 1605-ஆம் ஆண்டில் இதை ஸ்தாபித்தார். பைன் மரங்களிலிருந்து வடிக்கும் கீல், உள்நாட்டுக் காடுகளிலிருந்து நீண்ட படகுகளில் நதி வழியே இங்கே வந்து சேரும். 19-ஆம் நூற்றாண்டில் உலகத்துக் கப்பல்கள் பலவற்றிற்கு இந்தத் துறைமுகத்துக் கீலைத்தான் பூசினார்கள். 1809 முதல் ருஷியச் சக்கரவர்த்தியின் ஆளுகையிலிருந்த பின்லாந்து, 1917-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி சுதந்திரப் பிரகடனம் செய்தது. இன்று ஓவுலுவில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கிறார்கள்.

அங்குள்ள பாடசாலைகளைப் பார்க்கும் ஆவலினால், ஒரு பிப்ரவரி மாதத்தில் அந்த ஊருக்குச் சென்று சில தினங்கள் தங்கியிருந்தேன். பாடசாலைகளில் கண்டதைப் பற்றி எழுத வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. ஆனால் பாடசாலைக்குப் போகும் வழியிலே கண்டதுதான் என் மனத்தை முதலில் கவர்ந்தது. ஆகவே அதையே இங்கே சொல்லுகிறேன்.

பனிக்கு எத்தனை பெயர்!

நம்முடைய பாஷையில் பனி என்ற ஒரு சொல்லே பல வேலைகளைச் செய்கிறது. மார்கழி மாதத்தில் புல் நுனியில் நிற்பதும் பனி. மலையடிவாரத்தை மறைப்பதும் பனி. இமயத்தின் சிகரத்தில் படிந்திருப்பதும் பனி. நமக்கு அது போதும். பின்லாந்துக்காரர்களுக்குப் போதாது. வானத்திலிருந்து பஞ்சு போல் இறங்கும் வெண்பனியை அவர்கள் 'லுமி' என்கிறார்கள். அது தரையில் படிந்து விரிந்து கிடந்தால் 'ஹங்கி'. பிடித்தால் உருண்டையாகத் திரளும் ஈரப்பனி 'நுவொஸ்கா'. மழையும் பனியும் கலந்து விழுந்தால் 'ரன்ட்டா'. வீதியில் பாதி உருகிச் சேறு போலக் குழம்பிக் கிடப்பது 'லொஸ்கா'. தார் ரஸ்தாவின் நிறத்தோடு நிறமாய், இருப்பதே தெரியாமல் படிந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டிக்கு, 'கறுப்புப் பனிக்கட்டி' என்று பொருள்படும் ஒரு தனிப்பெயர் உண்டு.

இது அகராதிக்காரர்களின் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். இவை ஒவ்வொன்றும் சைக்கிள் சக்கரத்தை ஒவ்வொரு விதமாக நடத்துகின்றன. கெட்டியாக அமுங்கிய பனி சக்கரத்தைத் தாங்கும். கணுக்கால் ஆழப் புதுப்பனி சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். சேறான பனி பக்கவாட்டில் இழுக்கும். கறுப்புப் பனிக்கட்டியோ ஒன்றும் சொல்லாமல் ஆளைக் கீழே தள்ளிவிடும். அந்த ஊர்க் குழந்தைகள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு, இன்று எந்தப் பனி என்று பெயர் சொல்லும்போது, இன்று எப்படி மிதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே தெரிந்து கொள்ளுகிறார்கள்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அங்கே சராசரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 9 டிகிரி. அது சராசரிதான். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போகும் நாட்கள் சாதாரணம். சில வருஷங்களில் 30 டிகிரியையும் தொட்டுவிடும். டிசம்பர் மாதத்துக் கடைசி வாரங்களில் சூரியன் காலை பத்தரை மணி சுமாருக்கு எழுந்து, பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் விடைபெற்றுக் கொள்ளுகிறான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் இருட்டு. பாடம் முடிந்து திரும்பும்போதும் இருட்டு. பிப்ரவரி நடுவில் பகல் நன்றாக நீண்டுவிடுகிறது. ஆயினும் அதிகாலையில் கிளம்புகிறவனுக்கு இருள்தான் துணை.

ஒரு காலைப் பிரயாணம்

என்னை விருந்தாளியாக ஏற்றுக்கொண்டவர் ஓர் உபாத்தியாயினி. அவருடைய வீட்டுக்கும் பாடசாலைக்கும் நாலு கிலோ மீட்டர் தூரம். ஒரு நாள் இரவு முழுவதும் பனி கொட்டியது. விடியுமுன் ஜன்னலைத் திறந்து பார்த்தால், முற்றத்திலிருந்த மரப்பெஞ்சு பாதி புதைந்து போயிருந்தது. "இன்றைக்கு பஸ்ஸில் போகலாமா?" என்று மெல்ல விசாரித்தேன். அந்த அம்மையார் சிரித்து, "எதற்காக? பாதையைத்தான் இதற்குள் தள்ளியிருப்பார்களே!" என்று சொல்லிவிட்டு, கொட்டகையிலிருந்து இரண்டு சைக்கிள்களை வெளியே எடுத்தார்.

உடை விஷயத்தில் அவர் எனக்குச் செய்த உபதேசம் சுருக்கமானது. வீட்டு வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லையென்றால் ஒரு சட்டை அதிகம் என்று அர்த்தம். காரணம் எளிது. சைக்கிள் மிதிப்பவனுடைய உடம்பு ஓர் அடுப்பு. பத்து நிமிஷத்தில் அது பற்றிக் கொள்ளும். கனத்த அங்கியைப் போட்டு மூடினால் வியர்க்கும். வியர்வையில் நனைந்த சட்டை, மிதிப்பதை நிறுத்தியவுடன் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். அந்தக் குளிரில் அபாயம் அதுதான். ஆகையால் உடம்புக்கு ஒட்டினாற்போல் மெல்லிய கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத மேலங்கி. இவ்வளவே. ஆனால் கை, கால், காது, முகம் இவைகளுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்ய வேண்டும். பூட்ஸ் காலைக் கவ்விப் பிடிக்காமல், விரல்கள் அசைய இடம் விட்டு இருக்க வேண்டும்; உள்ளே இருக்கும் காற்றுத்தான் வெப்பத்தைக் காக்கிறது. கையுறையில் ஐந்து விரலுக்கும் ஐந்து அறை இருப்பதைவிட, நாலு விரல்களும் ஒரே அறையில் கூட்டுக் குடும்பமாக வாழ்வது நல்லது.

முகத்தை மறைப்பதற்குக் காரணம் வேறு. அன்று பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. காற்றே அசையாத காலை. ஆனால் மணிக்கு 15 கிலோ மீட்டர் வேகத்தில் சைக்கிள் விடுகிறவன் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக் கொள்ளுகிறான். அந்த வேகத்தில் முகத்தில் படும் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரி போல உறைக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. கணக்குச் சரி என்பதற்கு என் மூக்கு சாட்சி. விட்ட மூச்சு கண்ணிமை ரோமங்களில் வெள்ளையாகப் படிந்து, சற்று நேரத்துக்கெல்லாம் எனக்கு ஒரு தாத்தாவின் தோற்றத்தைத் தந்துவிட்டது.

அச்சத்துடன்தான் ஏறி உட்கார்ந்தேன். சக்கரத்தின் அடியில் 'கிரீச், கிரீச்' என்று ஒரு சப்தம் எழுந்தது. கடுங்குளிரில் உலர்ந்த பனித்துகள்கள் நசுங்கும் ஓசை அது. அந்த ஓசை கேட்கும் வரையில் பயமில்லை என்றார் அம்மையார். வீட்டுச் சந்தைத் தாண்டிப் பெரிய பாதைக்கு வந்ததும் நான் கண்ட காட்சியை எளிதில் மறக்க முடியாது. இருமருங்கிலும் இடுப்பளவு பனிச்சுவர். நடுவே மூன்று, நாலு பேர் பக்கம் பக்கமாகப் போகத்தக்க அகலத்தில் ஒரு வெள்ளைப் பாதை. அதன்மேல் சீப்பினால் வாரிவிட்டாற்போல் மெல்லிய வரிகள். ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் அடியிலும் பனி மின்னிக் கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஜனங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ஆபீசுக்குப் போகும் கனவான்கள், பின்னால் குழந்தையை உட்கார்த்திக் கொண்ட தாய்மார்கள், காய்கறிக் கூடையை முன்னால் மாட்டிய ஒரு பாட்டி! வேறொரு பாட்டி, நாற்காலிக்கு இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களைப் பூட்டியது போன்ற ஒரு சறுக்கு வண்டியின் பின்னால் நின்று, ஒரு காலால் தரையை உந்தித் தள்ளிக்கொண்டு, என்னைக் கடந்து போனார். அவர் என்னைவிட வேகமாகச் சென்றார் என்பதை நேயர்கள் நம்பலாம்.

வீரமா, விளக்குமாறா?

பின்லாந்துக்காரர்களிடம் 'சிசு' என்று ஒரு சொல் வழங்குகிறது. நம் செவிக்கு அது குழந்தையென்று ஒலிக்கும். அவர்களுக்கோ அது, எந்தக் கஷ்டம் வந்தாலும் தளராத நெஞ்சுரம். தங்கள் ஜாதீய குணமே அதுதான் என்று அவர்கள் பெருமை பாராட்டுவதுண்டு. எனவே, "இந்தக் குளிரில் இத்தனை பேர் சைக்கிள் விடுவதற்கு உங்கள் சிசுதான் காரணமோ?" என்று அம்மையாரைக் கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நெஞ்சுரம் உள்ளவர்கள் எந்த ஊரிலும் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ கிடைப்பார்கள், அவர்களை நம்பி ஓர் ஊரின் போக்குவரத்து நடக்காது என்றார். பிறகு, பாதையின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு சுழல நின்றுகொண்டிருந்த ஒரு பனி தள்ளும் யந்திரத்தைக் காட்டி, "இதுதான் காரணம்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது உண்மை. ஓவுலு நகரசபையார் 1970-களிலிருந்தே சைக்கிளுக்கும் பாதசாரிகளுக்கும் மோட்டார் வீதியிலிருந்து விலகிய தனிப்பாதைகளைத் திட்டமிட்டு அமைத்து வந்திருக்கிறார்கள். இன்று அவற்றின் நீளம் 800 கிலோ மீட்டருக்கு மேல். பெரிய ரஸ்தாக்கள் குறுக்கிடும் இடங்களில், அவற்றின் அடியில் நுழைந்து போவதற்கு 300-க்கு மேற்பட்ட சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. இந்தப் பாதைகளில் அநேகமாக எல்லாவற்றையும் குளிர்காலம் முழுவதும் பராமரிக்கிறார்கள். முக்கியமான பாதைகளில் இரவில் பனி விழுந்தால், யந்திரங்கள் விடியுமுன்னே புறப்பட்டு, ஜனங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் ஏழு மணிக்குள் தள்ளி முடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வருஷம் முழுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த ஊரில் ஜனங்கள் செய்யும் பிரயாணங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் நடக்கிறது. கடுங்குளிர்க் காலத்தில்கூட நூற்றுக்கு 12 என்ற அளவுக்குக் குறைவதில்லை என்று சொல்லுகிறார்கள்.

பனி தள்ளுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தரை தெரியும்படி சுரண்டி எடுப்பதில்லை. ஒரு சில அங்குலப் பனியைக் கெட்டியாக அமுக்கி விட்டுவிடுகிறார்கள். யந்திரத்தின் தகட்டில் ரம்பம் போன்ற பற்கள் இருப்பதால், அந்த வெள்ளைத் தளத்தின்மேல் வரி வரியாகக் கீறல் விழுகிறது. டயருக்குப் பிடிப்புக் கிடைக்கிறது. வழுக்கும் இடங்களில் உடைத்த பொடிக் கற்களைத் தூவுகிறார்கள். உப்புப் போடுவதில்லை. சாதாரண உப்பு, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியைத் தாண்டிப் போனால், பனியை உருக்குவதில் வெகுவாகச் சோர்ந்துவிடும். அரைகுறையாக உருகிய பனியோ சேறாகி, பிறகு மறுபடி உறைந்து, முன்னைவிட மோசமான மேடு பள்ளமாகிவிடும். குளிர் இவ்வளவு கடுமையில்லாத ஊர்களில் முறை வேறு. சுவீடனிலுள்ள லின்ஷோப்பிங் போன்ற இடங்களில் சுழலும் பிரஷ்ஷினால் பனியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, உப்பு நீரைத் தெளித்துத் தரையை வெறுமையாக வைத்துக் கொள்ளுகிறார்கள். அந்தந்த ஊர்க் குளிருக்கு அந்தந்த மருந்து.

இன்னொரு சங்கடத்துக்கும் வழி கண்டிருக்கிறார்கள். நடப்பவர் எந்தப் பக்கம், சைக்கிள் எந்தப் பக்கம் என்று பாதையில் வர்ணத்தால் எழுதி வைத்தால், நவம்பர் மாதத்தில் அது பனியின் கீழே மறைந்து போகும்; மறுபடி ஏப்ரலில்தான் தரிசனம் தரும். ஆகையால் சில இடங்களில் கம்பத்தின் உச்சியிலிருந்து விளக்கின் மூலம் அந்த அடையாளங்களைப் பனியின்மேலேயே வீழ்த்துகிறார்கள். வெள்ளைத் தரையில் ஒளியினாலான ஒரு சைக்கிள் சித்திரமும், ஒளியினாலான ஒரு மனிதச் சித்திரமும் படுத்திருக்கும். எவ்வளவு பனி விழுந்தாலும் அவற்றை மூட முடியாது!

சைக்கிளுக்கும் குளிரும்

ஓவுலுவின் வீதியில் ஓடும் சைக்கிள்களில் பெரும்பாலானவை பழைய, சாதாரண வண்டிகளே. ஆயினும் குளிர் அறிந்தவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கிறார்கள். கடுங்குளிரில் மசகு இறுகிப் போகும். பின்சக்கரத்து ப்ரீவீலுக்குள் ஈரம் புகுந்து உறைந்துவிட்டால், பெடல் வெறுமே சுழலும், வண்டி நகராது. பிரேக் கம்பியின் உறைக்குள் நீர் உறைந்தால் பிரேக் பிடிக்காது. ஆகவே, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பழைய மாதிரி பிரேக்கையே பலர் இன்னும் விரும்புகிறார்கள். கம்பி இல்லாத இடத்தில் கம்பி உறைவதேது? டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால், அது அகன்று படிந்து பனியைப் பற்றிக் கொள்ளும்.

பனிக்கட்டி மிகுந்த பாதையில் போகிறவர்கள் ஆணி டயர் பூட்டிக் கொள்ளுகிறார்கள். ரப்பரில் நூற்றுக்கணக்கான சிறிய உலோக முனைகள் பதித்திருக்கும். அவை பனிக்கட்டியைக் குத்திப் பிடித்துக் கொண்டு ஓடும். குளிர்கால டயர் என்பதிலே பின்லாந்துக்குத் தனிப் பெருமை உண்டு. நோக்கியா என்ற சிற்றூரில் ரப்பர் சாமான்கள் செய்து வந்த தொழிற்சாலை, 1934-ஆம் ஆண்டிலேயே லாரிகளுக்குப் பனிக்கால டயர் செய்து விற்றது. பிற்காலத்தில் கைத் தொலைபேசியினால் உலகமெல்லாம் அறிந்த நோக்கியா கம்பெனியும் அந்த ரப்பர்த் தொழிலோடு உறவு கொண்டதுதான். ஆனால் ஓவுலுவில் எல்லாரும் ஆணி டயர் பூட்டுவதில்லை. பாதை ஒழுங்காயிருந்தால் சாதாரண டயரே போதும் என்கிறார்கள். இங்கேயும் விஷயம் வண்டியில் இல்லை, வழியில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்து வாசலில்

ஊரின் தென்பாகத்தில் மெட்சோகங்காஸ் என்று ஒரு புதிய குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள பாடசாலையில் சுமார் 1,200 மாணாக்கர் படிக்கிறார்கள். அவர்களில் ஆயிரம் பேருக்கு மேல் குளிர்காலத்திலும் சைக்கிளில் வருகிறார்கள் என்ற செய்தி, சில வருஷங்களுக்கு முன் படத்தோடு வெளியாகி உலகத்தை வியக்க வைத்தது. பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரிக் குளிரில், பனியில் வரிசை வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள்!

நான் போன பாடசாலை அதைவிடச் சிறியது. ஆனாலும் வாசலில் கண்ட காட்சி அதே வகையைச் சேர்ந்தது. ஏழு வயதுக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பையன் வரையில், இருட்டினுள்ளிருந்து சிறு சிறு வெளிச்சமாக வந்துகொண்டிருந்தார்கள். குளிர்கால அங்கியில் ஒளியைத் திருப்பிக் காட்டும் வில்லை ஒன்றைத் தொங்க விடுவது அந்நாட்டு வழக்கம். எதிரே விளக்கு வந்தால் அது நட்சத்திரம் போல மின்னும். ஒரு சிறுமி சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினாள். சாய்ந்த வண்டியைப் பனி தாங்கிக் கொண்டது. தலையுறையை உதறினாள், கன்னம் இரண்டும் சிவந்திருந்தன, உள்ளே ஓடிவிட்டாள். அவளுடன் தகப்பனாரும் வரவில்லை, தாயாரும் வரவில்லை.

உபாத்தியாயராகிய நான் நெடுநேரம் சிந்தித்தது இதைப் பற்றித்தான். ஏழு வயதுக் குழந்தையைக் குளிரிலும் இருட்டிலும் தனியே அனுப்புகிற பெற்றோர் கல்மனம் படைத்தவர்களா? இல்லவே இல்லை. தங்கள் குழந்தையின்மீது நம்மைப் போலவே உயிரை வைத்திருக்கிறவர்கள்தாம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரையில் ஒரு மோட்டார் வண்டியும் குழந்தையின் குறுக்கே வராது. பாதையில் விளக்கு எரியும். விடியுமுன் யாரோ ஒருவர் வந்து பனியைத் தள்ளியிருப்பார். இந்த மூன்றும் அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தபடியால் அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பப்பட்ட குழந்தை, தன் காலால் தன் வழியைக் கடந்து வந்த பெருமையோடு வகுப்பில் உட்காருகிறது. மோட்டாரில் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு அந்தப் பெருமையை எந்தப் பாடப்புத்தகத்தைக் கொண்டும் நாம் கற்பிக்க முடியாது.

எந்தப் பாதை முதலில்?

பனி விழும் ஊர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கானவை. யந்திரம் வாங்கப் பணமில்லாத ஊர்கள் அல்ல அவை. ஆயினும் அநேக இடங்களில் மோட்டார் ஓடும் பெரிய ரஸ்தாக்களை முதலில் தள்ளுகிறார்கள். அங்கிருந்து வாரிய பனி, நடக்கிறவனும் சைக்கிள் விடுகிறவனும் போகும் ஓரத்தில் வந்து குவிகிறது. கேட்டால், குளிர்காலத்தில் யார் சைக்கிள் விடுகிறார்கள் என்று பதில் வரும். பாதையை மூடிவிட்டு, பாதையில் யாரும் வரவில்லையே என்று சொல்லுவது விசித்திரமான நியாயம்.

சுவீடனிலுள்ள கார்ல்ஸ்கூகா என்ற சிறு பட்டணத்தில் 2011-ஆம் ஆண்டு சுமாரில் இந்த வரிசையைப் பரிசீலனை செய்தார்கள். யார் எந்த வழியில் போகிறார்கள் என்று பார்த்தபோது, மோட்டாரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். குழந்தையை அழைத்துக் கொண்டும், கடைக்கும் வேலைக்குமாக நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போகிறவர்களில் பெண்கள் அதிகம் என்று தெரிந்தது. பனியில் மோட்டார் மெதுவாகவாவது போய்விடும். குழந்தை வண்டியைத் தள்ளுகிறவள் போக முடியாது. வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து வைத்தியசாலைக்கு வருகிறவர்களிலும் நடப்பவர்களே அதிகம். ஆகவே நடைபாதை, சைக்கிள் பாதை, பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள வழி இவைகளை முன்னால் தள்ளிவிட்டு, பெரிய ரஸ்தாவைப் பின்னால் வைத்துக் கொண்டார்கள். இதற்கென்று ஒரு புதிய யந்திரமும் வேண்டியிருக்கவில்லை. வரிசையை மாற்றியதே போதுமாயிருந்தது.

குளிரே நண்பன்

வடதேசத்துச் சைக்கிள்காரர்களைக் கவலைப்படச் செய்வது குளிர் அல்ல. குளிர் குறைவதே அவர்களுடைய கவலை. பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் பனி உலர்ந்து, மணல் போல நின்று, சக்கரத்துக்கு இடங் கொடுக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலோ பனியின்மேல் நீர் கசிகிறது. ஈரம் படிந்த பனிக்கட்டியைப் போல வழுக்குவது வேறொன்றுமில்லை. பகலில் உருகி இரவில் உறைந்தால், பாதை முழுவதும் கண்ணாடியாகிவிடும். நடுக்குளிர்காலத்தில் பனியின்மேல் மழை பெய்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பின்லாந்து வானிலை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 2022-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பிரதேசம், உலகத்தின் சராசரியைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சூடேறி வந்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. உருகுவதும் உறைவதுமான நாட்கள் பெருகினால், பனியை அமுக்கித் தளமாக்கும் இந்தப் பழைய முறை எத்தனை காலம் செல்லும்? அதிகமாகக் கல் தூவ வேண்டியிருக்கும். அடிக்கடி சுரண்ட வேண்டியிருக்கும். ஆணி டயர் இல்லாமல் குழந்தைகளை அனுப்ப முடியாத நாட்கள் கூடும். புகை கக்காத வாகனத்தில் போகிறவர்களுடைய பாதையையே, மற்றவர்கள் கக்கிய புகை கெடுக்க வருகிறது என்பது வருந்தத்தக்க விஷயம்.

ஆயினும் அந்த ஊர் ஜனங்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. பனியின் குணம் மாறினால் தள்ளும் முறையையும் மாற்றிக் கொள்ளலாம் என்கிறார்கள். ஏழு மணிக்குள் பாதை தயாராயிருக்க வேண்டும் என்பது மட்டும் மாறக் கூடாது. வெளிநாடுகளிலிருந்து நகர அதிகாரிகளும் இஞ்சினீயர்களும் வந்து இந்த முறையைக் கற்றுப் போகிறார்கள். அவர்கள் கொண்டுபோகும் குறிப்புப் புத்தகத்தில் தகட்டின் பற்கள் எத்தனை, பொடிக்கல் என்ன அளவு என்பனவெல்லாம் எழுதியிருக்கும். அவற்றோடு, இருட்டில் நாலு மணிக்கு எழுந்து, கடுங்குளிரில் யந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, தான் முகம் பார்த்தறியாத குழந்தைகளுக்காக வழி செய்து வைத்துவிட்டு, அவர்கள் வருமுன்னே வீடு திரும்பிவிடும் அந்தத் தொழிலாளியையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். நெஞ்சுரம் என்ற 'சிசு'வைப் பற்றிப் பின்லாந்துக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பெருமை பேசட்டும். அதற்கு அவர்கள் தகுதியுள்ளவர்களே. ஆனால் ஓவுலுவின் வெண்பனி வீதிகளில், நம் பாஷைச் சிசுக்கள் அஞ்சாமல் சைக்கிளில் போவது, ஊரார் ஒவ்வொரு நாளும் தவறாமல் செய்கிற ஒரு சிறு கடமையினால்தான்.